பழைய மின்சார கார் வாங்க கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் மூன்றாவது வாரத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், லெட்டர் டைப் பண்ணியாச்சு, பாட்டுக் கேட்டாச்சு, பையன் கேம் ஆடியாச்சு. இனி இதை வச்சு உருப்படியா என்ன செய்யறது?" இந்தக் கட்டுரை அவர்களுக்காக. 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் ஒரு பழைய மின்சார கார் வாங்கினேன். ஏழு லட்சத்துக்கும் மேலான பணம். அதில் பாதிக்கு மேல் என் மனைவியின் சேமிப்பு. எனவே ஒவ்வொரு க்ளிக்கையும் யோசித்துத்தான் செய்தேன்.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது காரைக்குடியில். மனைவி வேலை பார்க்கும் பள்ளி திருவாடானைப் பக்கம். ஒரு வழிக்கு 40 கிலோ மீட்டர். பஸ் என்றால் தேவகோட்டையில் மாற வேண்டும். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். எங்கள் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர்தான் தருகிறது. தினமும் 80 கிலோ மீட்டருக்கு ஐந்து லிட்டருக்கும் மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளொன்றுக்கு 530 ரூபாய். மாதம் 22 நாள் என்றால் நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். (கம்ப்யூட்டரில் கால்குலேட்டர் இருக்கிறது.)

புதிய மின்சார கார் எங்கள் பட்ஜெட்டில் இல்லை. பழையது தேடலாம் என்றால் எங்கள் ஊரில் பழைய கார் விற்பவர்கள் நாலைந்து பேர்தான். "கரண்டு காரா? அதெல்லாம் நம்மகிட்ட வர்றதில்லண்ணே" என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மெட்ராஸ், கோவை போல இங்கே பத்து வண்டியை வரிசையாக நிறுத்திப் பார்க்க முடியாது. இந்த நிலையில்தான் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது.

லேப்டாப்பில் ஒரு சின்னச் சோதனை

தேடலுக்கு முன்னால் உங்களிடம் லேப்டாப் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மின்சார காரைப் பற்றி ஒரு மணி நேரம் படித்தாலும் வராத தெளிவு இதில் வந்துவிடும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ ஒன்று திறக்கும். அதில் பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்து ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த எல்லா விண்டோஸிலும் இது இயங்கும். ஒரு ஃபைலை உருவாக்கி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அந்த விண்டோவிலேயே காட்டும். அதை பிரவுசரில் திறங்கள்.

டிசைன் கெப்பாசிட்டி என்று ஓர் எண். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இன்னோர் எண். முதலாவது, கம்பெனியில் செய்தபோது பேட்டரி பிடித்த மின்சாரம். இரண்டாவது, இன்று அது பிடிக்கும் மின்சாரம். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதத்தில் கிடைக்கும். என் நான்கு வயது லேப்டாப்பில் 71 வந்தது. திரையில் மட்டும் "100 சதவீதம் சார்ஜ்" என்று பச்சையாகக் காட்டுகிறது! மிச்சமிருக்கும் 71இல் நூறு சதவீதம் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கார் பேட்டரியும் லித்தியம் அயான்தான். அதுவும் இப்படித்தான் தேயும். டேஷ்போர்டில் 100 என்று காட்டுவதை வைத்து விலை பேசக் கூடாது. அதே சமயம் பயப்படவும் வேண்டாம். லேப்டாப் பேட்டரியைவிட கார் பேட்டரிக்குக் கவனிப்பு அதிகம். பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவக் குழாய்கள் உண்டு. எந்த செல் சூடாகிறது, எது பின்தங்குகிறது என்று பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்னும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று எந்நேரமும் பார்த்துக் கொண்டிருக்கும்.

இந்தக் குளிர்விப்பு நம்மூர் வெயிலுக்கு ரொம்ப முக்கியம். 2010 இறுதியில் வெளிவந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவன வெயிலில் ஓடிய லீஃப்களின் பேட்டரி சீக்கிரம் தேய்கிறது என்று உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். அதன்பின் நிஸான் கொள்ளளவுக்கே தனி உத்தரவாதம் தர வேண்டி வந்தது. ஜப்பானில் பயன்படுத்திய லீஃப்கள் இலங்கைக்கு நிறைய இறக்குமதியாகி ஓடுகின்றன. அங்கே உறவினர் யாராவது வைத்திருந்தால், டேஷ்போர்டு ஓரத்தில் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் ஆரோக்கிய அளவு.

கிலோவாட் அவர் என்றால் என்ன?

மின்சார கார் விளம்பரங்களில் 19.2, 30.2, 40.5 என்று எண்கள் வரும். பக்கத்தில் கிலோவாட் அவர் என்று இருக்கும். குழம்ப வேண்டாம். நம் வீட்டு இபி பில்லில் வரும் யூனிட்தான் அது. 30.2 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 30 யூனிட் கரண்டு பிடிக்கும் தொட்டி, அவ்வளவே.

இந்திய பழைய கார் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது டாட்டா நெக்ஸான் இவி. 2020 ஜனவரியில் வந்தது. 30.2 யூனிட் பேட்டரி. ஒருமுறை சார்ஜ் செய்தால் 312 கிலோ மீட்டர் என்று சோதனைச் சான்றிதழ் சொல்கிறது. சாலையில் 200 வந்தால் சந்தோஷப்படலாம். இந்த 312ஐ நம்பி யாரும் பயணம் திட்டமிட வேண்டாம். 2022 மே மாதத்தில் 40.5 யூனிட்டில் நெக்ஸான் இவி மேக்ஸ் வந்தது. சிறிய குடும்பத்துக்கு 2022இல் வந்த டியாகோ இவி, 19.2 மற்றும் 24 யூனிட்டுகளில். 2021இல் வந்த டிகோர் இவி 26 யூனிட். எம்ஜி இசட்எஸ் இவியின் முதல் மாடல் 44.5 யூனிட், 2022க்குப் பின் வந்தது 50.3. ஹூண்டாய் கோனா 39.2.

இன்னும் பழைய வண்டிகளும் உண்டு. 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா, 2010இல் அந்தக் கம்பெனியை வாங்கிய மகிந்திரா 2013இல் கொண்டுவந்த இ2ஓ. இவை மிக மலிவாக விளம்பரத்தில் வரும். உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டன. பொழுதுபோக்குக்கு வாங்கி நோண்டலாம். தினமும் 80 கிலோ மீட்டர் போய் வகுப்பெடுக்க வேண்டியவருக்கு ஆகாது.

எங்கள் கணக்கு எளிது. தினம் 80. ஏசி போட்டு, மழையில் லைட் போட்டு, பேட்டரி இன்னும் தேய்ந்தாலும், நடுவில் ஓர் அவசரம் வந்தாலும் 130 வரை ஓட வேண்டும். எனவே 24 யூனிட்டும் அதற்கு மேலும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தேன். 50 யூனிட் வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எங்களைப் பொறுத்தவரை வீண்.

தேடுவது எப்படி?

காரைக்குடி என்று போட்டுத் தேடினேன். பூஜ்யம். மாவட்டம் என்று விரித்தேன், ஒன்று வந்தது. அதுவும் ஆறு மாதப் பழைய விளம்பரம். இப்போது ஊரை எடுத்துவிட்டு, ஃபியூயல் டைப் என்னும் இடத்தில் எலக்ட்ரிக் என்பதை மட்டும் டிக் செய்தேன். ஓஎல்எக்ஸ், கார்ஸ்24, ஸ்பின்னி, கார்வாலே போன்ற தளங்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. மதுரையில் மூன்று, திருச்சியில் இரண்டு, கோவையில் ஒன்பது, சென்னையில் திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

கூகுளில் தேடினால் முக்கால்வாசி ஸ்கூட்டராக வரும். அதற்கு ஒரு வழி. தேடும் சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறி போட்டு, அதை ஒட்டி ஸ்கூட்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். மாடலின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்றொடர் உள்ள பக்கங்கள் மட்டும் வரும்.

பிடித்த விளம்பரத்தை கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி க்ளிக் செய்யுங்கள். தனி டேப்பில் திறக்கும். அடுத்து செய்ய வேண்டியதைப் பலர் செய்வதில்லை: கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் சேவ் ஆஸ் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தையே சேமித்து வையுங்கள். ஃபைலுக்குத் தேதியையும் ஊரையும் பெயராக வையுங்கள். இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? திருச்சியில் ஒரு கார். ஜூலை முதல் வாரம் நான் சேமித்த பக்கத்தில் 61,000 கிலோ மீட்டர் என்று இருந்தது. அந்த விளம்பரம் மறைந்து, மாதக் கடைசியில் அதே கார், அதே பின்பக்கக் கீறலுடன் வேறொரு விளம்பரமாக வந்தது. இப்போது 46,000! போன் போட்டுக் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார் விற்பவர். எது மிஸ்டேக் என்று அவர் சொல்லவில்லை. நானும் திருச்சிக்குப் போகவில்லை.

போட்டோவையே தேடலாம்

ஒரு விளம்பரம் கண்ணைப் பறித்தது. 2022 மாடல், விலை நாலரை லட்சம். விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகவும், வேறு மாநிலத்துக்கு மாற்றல் ஆகிவிட்டதாகவும் வாட்ஸ்அப்பில் எழுதினார். சீருடை போட்ட போட்டோ, அடையாள அட்டை எல்லாம் அனுப்பினார். வண்டியை ராணுவ பார்சலில் அனுப்பிவிடுவாராம். 21,000 ரூபாய் முன்பணம் மட்டும் போதுமாம்.

கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் அந்தக் காரின் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால், கூகுள் லென்ஸில் தேடு என்று ஒரு வரி வரும். அழுத்தினேன். அதே படம், அதே சீட் கவர், அதே பிள்ளையார் பொம்மை, புனேயில் எப்போதோ விற்றுப்போன ஒரு காரின் விளம்பரத்தில் இருந்தது. அங்கே நம்பர் பிளேட்டில் மகாராஷ்டிர எண். இங்கே அதை மட்டும் மங்கலாக்கி இருந்தார்கள்.

வீட்டில் புதிதாக இன்டர்நெட் பழகுகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டி வைக்கலாம். பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் எண்ணைப் போடவோ வேண்டியதே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் பணம் உங்களிடமிருந்துதான் போகப் போகிறது. போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக் கொண்டே இருக்கும்.

எக்ஸெல் ஷீட்டில் ஒரு கணக்கு

பதினான்கு வண்டிகள் தேறின. எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டேன். ஊர், பதிவான மாதம், ஓடிய தூரம், பேட்டரி யூனிட், பேட்டரி உத்தரவாதம் முடியும் மாதம், மீதி மாதம், விலை.

இதில் உத்தரவாதம்தான் உயிர்நாடி. நெக்ஸான் இவியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோ மீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். அதற்குப் பிறகு பேட்டரி மொத்தமாகப் போனால் செலவு பல லட்சம். நமக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. ஆகவே விலையை மீதி உத்தரவாத மாதங்களால் வகுத்துப் பார்த்தேன். எக்ஸெல்லில் சமக்குறி போட்டு, விலை இருக்கும் செல்லை க்ளிக் செய்து, சாய்கோடு போட்டு, மீதி மாதம் இருக்கும் செல்லை க்ளிக் செய்து என்டர். ஒரு செல்லில் போட்டதை மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வண்டிக்கும் கணக்கு வந்துவிடும்.

சென்னையில் 2020 பிப்ரவரியில் பதிவான ஒரு கார், 6,10,000 ரூபாய். ஆகஸ்ட் 2025 நிலவரப்படி உத்தரவாதம் மீதி 30 மாதம். வகுத்தால் மாதத்துக்கு 20,333. கோவையில் 2021 பிப்ரவரி கார், 7,40,000 ரூபாய். மீதி 42 மாதம். வகுத்தால் 17,619. விலை கூடுதலான வண்டிதான் மலிவு! உத்தரவாதம் முடிந்த மறுநாளே கார் குப்பைக்குப் போய்விடும் என்பது போன்ற கறாரான கணக்கு இது. உண்மையில் அப்படி ஆகாது. ஆனாலும் பதினான்கை நான்காகக் குறைக்க இது போதும்.

தூரத்தையும் பாருங்கள். 1,20,000 ஓடிய வண்டிக்கு ஆண்டு மிச்சம் இருந்தாலும் 40,000 கிலோ மீட்டர்தான் உத்தரவாதம் பாக்கி. எங்கள் ஓட்டத்துக்கு அது இரண்டு வருடம்கூட வராது. இரண்டாவது உரிமையாளருக்கு உத்தரவாதம் அப்படியே தொடருமா என்பதையும் கம்பெனியின் வாரண்டி புத்தகத்தில் வரிவரியாகப் படியுங்கள். 2025இல் டாட்டா சில மாடல்களுக்கு அறிவித்த வாழ்நாள் பேட்டரி உத்தரவாதம் முதல் உரிமையாளருக்குத்தான். விளம்பரத்தில் "லைஃப்டைம் வாரண்டி" என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள்.

டாக்சியாக ஓடியதா என்று தெரிந்துகொள்ள நம்பர் பிளேட் போதும். மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த உபயோகம். மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. 2025 ஏப்ரலில் டில்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் மின்சார டாக்சி நடத்திய ப்ளூஸ்மார்ட் சேவையை நிறுத்தியது. இப்படி நிற்கும் டாக்சிகள் மலிவாக விற்பனைக்கு வரும். தினமும் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டு ஓட்டிய வண்டிகள் அவை என்பதை நினைவில் வையுங்கள்.

அரசு வெப்சைட்டில் ஜாதகம்

வண்டி எண் கிடைத்ததும் பரிவாஹன் தளத்துக்குப் போங்கள். மொபைல் எண் கொடுத்து லாகின் செய்து வண்டி எண்ணை டைப் செய்தால் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் கொடுத்த வங்கி எது என்பதெல்லாம் வரும். எரிபொருள் என்ற இடத்தில் எலக்ட்ரிக் என்றும் அடைப்புக்குறிக்குள் பிஓவி என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். பேட்டரியில் ஓடும் வண்டி என்பதன் சுருக்கம். அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாஹன் சமன்வய் சேவை இருக்கிறது.

என் நான்கு வண்டிகளில் ஒன்று இந்த இடத்திலேயே விழுந்தது. "லோன் முடிஞ்சிருச்சு" என்று சொன்னவரின் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும், ஃபார்ம் 35உம் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது.

பெங்களூர் வண்டிகள் 50, 60 ஆயிரம் மலிவாக இருந்தன. சபலம் வரத்தான் செய்தது. ஆனால் வேறு மாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்டிஓவிடம் ஃபார்ம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புது எண்ணுக்குப் பதிவு செய்ய வேண்டும். சாலை வரிப் பேச்சும் வரும். தமிழ்நாட்டில் மின்சார வண்டிகளுக்கு 2020 நவம்பரில் 100 சதவீத வரி விலக்கு தந்தார்கள். பிறகு அதை நீட்டித்தார்கள். இந்த ஆணைகளுக்குக் கெடு உண்டு. வாங்குகிற மாதத்தில் நம் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு அலைய நேரமில்லை. தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு குழப்பம் ஜிஎஸ்டி. 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்தில் பழைய மின்சார காருக்கு 18 சதவீதம் என்று வந்ததும், ஏழு லட்சம் காருக்கு ஒன்றேகால் லட்சம் வரியா என்று பலர் பதறினார்கள். அப்படியில்லை. வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதுதான் அந்த வரி. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

சென்னை வெள்ளமும் சீட் பெல்ட்டும்

மூன்றில் ஒன்று சென்னையில், வேளச்சேரிப் பக்கம். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியாத விஷயம் இனிமேல்தான். டிரைவர் சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்தேன். சுருளுக்குள் கடைசி ஓரடியில் காவி நிறத்தில் ஒரு கோடு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் விரலை விட்டால் மூலையில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதியே தண்ணீரில் நின்றது. கார் பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டதுதான். ஆனால் வயர் இணைப்புகள், சென்சார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அந்தக் காப்பு அதே அளவில் இருக்காது. துரு மெதுவாகத்தான் வேலை காட்டும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்பதை யூகித்துக் கொள்ளலாம்.

"வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்டேன். "டயர் வரைக்கும்தான் சார்" என்றார் வியாபாரி. சீட் பெல்ட் சுருள் டயரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இருவருமே பார்த்துக் கொண்டோம். அன்றிரவே பஸ் ஏறிவிட்டேன்.

சார்ஜர் பில் சொன்ன உண்மை

கோவை சிங்காநல்லூரில் இருந்த 2021 பிப்ரவரி காரைப் பார்க்கப் போனபோது மனைவியும் வந்தார். 41,000 கிலோ மீட்டர் ஓடியிருந்தது. முதல் உரிமையாளர், வயதானவர். "ராத்திரி வீட்லதாங்க போடுவேன். ஃபாஸ்ட் சார்ஜெல்லாம் பழனி, மதுரை போறப்ப மட்டுந்தானுங்க" என்றார். சொல்வது உண்மையா என்று பார்க்க, சர்வீஸ் சென்டரின் பழைய பில்களையும் அவர் மொபைலில் சார்ஜிங் ஆப்பின் கணக்கையும் கேட்டேன். நாலரை வருடத்தில் முப்பது முறைகூட இல்லை.

பேட்டரியைச் சோதிக்க ஸ்கேனர் கருவி எதுவும் வேண்டாம். ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் எல்லாக் காரிலும் அவை பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டுவதில்லை. கோளாறு கோடுகளை மட்டும் காட்டும். நான் செய்தது வேறு. 24 சதவீதத்தில் இருந்த காரைப் பக்கத்தில் இருந்த ஃபாஸ்ட் சார்ஜருக்குக் கொண்டு போனோம். செலவு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 80 சதவீதத்தில் நிறுத்தினோம். மொபைலுக்கு வந்த பில்லில் 16.2 யூனிட்.

அதாவது 56 சதவீதத்துக்கு 16.2 யூனிட். 100 சதவீதத்துக்கு எவ்வளவு? 28.9. புதிதில் 30.2. வகுத்தால் 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். அதைக் கழித்து 90க்கு மேல் என்று எடுத்துக்கொண்டேன். லேப்டாப்பில் செய்த அதே கணக்கு, பார்த்தீர்களா! இதே வேலையை விற்பவர் வீட்டு இபி மீட்டரிலும் செய்யலாம். இரவு சார்ஜ் போடும்முன் ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங். ஃபிரிட்ஜ், மின்விசிறிக்கு உத்தேசமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். வீட்டு சார்ஜிங்கில் விரயம் இன்னும் சற்று அதிகம்.

பிறகு ஏசி போட்டு, மூன்று பேருமாக அவினாசி ரோட்டில் 37 கிலோ மீட்டர் ஓட்டினோம். 18 சதவீதம் இறங்கியது. முழு சார்ஜுக்கு 205 வருகிறது. எங்கள் 80 கிலோ மீட்டருக்கு இது தாராளம். மனைவி ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே, குறுக்கே ஆடு வந்தா எப்படித் தெரியும் அதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திருவாடானை ரோட்டில் ஆடுகள் அதிகம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு ரீசெட்

கம்ப்யூட்டர் பத்திரிகை வாசகர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இப்போதைய மின்சார காரில் சிம் கார்டும் ஆப்பும் இருக்கின்றன. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மொபைலில் பார்க்கலாம். சில மாடல்களில் தொலைவிலிருந்தே கதவைத் திறக்கலாம். பழைய உரிமையாளரின் அக்கவுண்ட் நீங்காவிட்டால் உங்கள் கார் போகும் இடமெல்லாம் அவர் போனில் தெரியும். நாங்கள் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லி, திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்து, அவர் குடும்பத்தாரின் போன் எண்களை அழித்து, பிறகு மனைவியின் மொபைலைச் சேர்த்தோம். பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்கிறோமே, அதே மாதிரி.

இரண்டு சாவி, வீட்டில் போடும் சார்ஜர் ஒயர், ஃபார்ம் 29, 30 கையெழுத்து எல்லாம் சரிபார்த்து வங்கி மூலம் பணம் அனுப்பினேன். சார்ஜர் ஒயர் தனியாக வாங்கினால் விலை கூடுதல். அது இருக்கிறதா என்று முதல் போனிலேயே கேளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் நமக்கு வராது. பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

கோவையிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 270 கிலோ மீட்டர். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டோம். திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி வழியாக இருட்டும் முன் வீடு.

வீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்களுடையது பழைய வீடு. முதல் நாள் சார்ஜர் ஒயரைச் செருகியதும் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத பாயின்டில் இந்த சார்ஜர்கள் வேலை செய்யாது, அது நம் பாதுகாப்புக்குத்தான். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து புதிதாக எர்த் குழி போட்டு, மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்சிபியுடன் 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக் கொடுத்தார். இதற்கு முன் ஏசிக்கு இழுத்த ஒயரிலேயே செருகலாம் என்று சொன்னவர்கள் உண்டு. இரவெல்லாம் முழு லோடு போகும் ஒயர் அது. தனியாகத்தான் போட வேண்டும்.

தினமும் 13, 14 யூனிட் ஏறுகிறது. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதால், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் நாளைக்கு 140 ரூபாய்தான்.

டிசம்பரில் ஒரு நாள் காலை கார் எழுந்திருக்கவில்லை. திரை கறுப்பு. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தது. மின்சார காரிலும் பானெட்டுக்குள் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். நான்கு வருடப் பழசு, ஆயுள் முடிந்திருந்தது. கல்லூரி ரோட்டில் பேட்டரிக் கடையில் புதிது வாங்கி மாட்டிவிட்டு, மனைவி எட்டே முக்காலுக்குக் கிளம்பினார். அன்றைக்கு மட்டும் அரை நாள் லீவு போட வேண்டியதாயிற்று.